முதலில் வரும் 150 ரூபாய்: இணையவழிப் பகுதிநேர வேலை மோசடியை இனம்காண்பது எப்படி

வாட்ஸ்அப்பில் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வருகிறது. பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றின் மனிதவளப் பிரிவிலிருந்து பேசுவதாக ஒரு பெண் பெயரில் அறிமுகம் நடக்கிறது. வீட்டிலிருந்தபடியே நாளொன்றுக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை ஈட்டலாம் என்கிறார்கள். வேலையோ மிக எளிது: அவர்கள் அனுப்பும் யூடியூப் காணொளிக்கு லைக் போட வேண்டும், அல்லது கூகுள் மேப்ஸில் எங்கோ உள்ள ஓர் உணவகத்துக்கு ஐந்து நட்சத்திரம் இட வேண்டும், அதன் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினால் போதும். மூன்று காணொளிகள் முடிந்ததும் 150 ரூபாய் உண்மையாகவே வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது.

அந்த 150 ரூபாய் வந்து சேர்வதில்தான் இந்த மோசடியின் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. ஏமாற்றுகிறவன் பணத்தைப் பறிப்பானே தவிரக் கொடுக்க மாட்டான் என்பது நம் பழைய கணக்கு. இங்கே அந்தக் கணக்கு முதல் நாளே தவறிப்போகிறது. கையில் காசு வந்த பிறகு, எச்சரிக்கை செய்பவர்களின் பேச்சு பொறாமையாகவோ அறியாமையாகவோ நமக்குத் தோன்றத் தொடங்குகிறது. ஆகவே, இணையத்தில் வருமானம் என்று எது வந்தாலும் ‘பணம் கொடுத்தார்களா’ என்று பார்ப்பது பயன்படாது. எந்தக் கட்டத்திலாவது நம்மிடமிருந்து பணம் கேட்கிறார்களா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். வேலை வாங்குகிறவர் கூலி கொடுப்பார். வேலை செய்கிறவரிடம் கூலிக்கு முன்பணம் கேட்கும் தொழில் உலகில் எங்கும் கிடையாது.

வங்கிக் கிளையொன்றில் நகைக்கடன் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், இந்த மோசடியின் கடைசிக் காட்சியை நான் அடிக்கடி நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பிற்பகல், நான்கு பவுன் சங்கிலியோடு ஓர் இளம்பெண் வந்தார். சரியாக 1,02,780 ரூபாய் வேண்டும் என்றார். நகைக்கடன் கேட்பவர்கள் பொதுவாக முழுத் தொகையாகக் கேட்பார்கள். எண்பது ரூபாய் வரை கணக்காகக் கேட்டதுதான் எனக்கு உறுத்தியது. எதற்கென்று கேட்டேன். “வரி கட்டணும் சார். மூணு லட்சத்துக்கு மேல எனக்கு வரவேண்டியிருக்கு. முப்பது பெர்சன்ட் வரி கட்டினாத்தான் ரிலீஸ் பண்ணுவாங்களாம்” என்றார். கைபேசியைத் திறந்து காட்டினார். பச்சை நிறத்தில் ஓர் இணையப் பக்கம். மேலே அவருடைய பெயர். அதன் கீழே ‘வாலட் இருப்பு 3,42,600’. அதில் முப்பது சதவீதம்தான் அந்த 1,02,780.

பொறி எப்படிப் படிப்படியாக இறுகுகிறது

அவருக்கு நடந்தது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். முதலில் 150 ரூபாய். அதை அனுப்புவதற்காகவே வாட்ஸ்அப்பிலிருந்து டெலிகிராமுக்கு வரச் சொல்கிறார்கள். அங்கே ‘டியூட்டர்’ என்று ஒருவர் பொறுப்பேற்கிறார். இருநூறு பேர் இருக்கும் ஒரு குழுவில் சேர்க்கிறார். குழுவில் நிமிடத்துக்கு ஒருவர், தமக்குப் பணம் வந்துவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் போட்டு நன்றி சொல்கிறார். அந்த இருநூறு பேரில் உண்மையான ஆள் நீங்கள் ஒருவர் மட்டுமே இருக்கலாம்; மற்றவை எல்லாம் ஒரே அறையில் அமர்ந்து சிலர் இயக்கும் கணக்குகள்.

அடுத்து ‘பிரீபெய்டு டாஸ்க்’ வருகிறது. 1,000 ரூபாய் கட்டினால் 1,300 திரும்ப வரும், வருகிறது. 5,000 கட்டினால் 6,500, அதுவும் வருகிறது. இதுவரை நம் கை லாபத்தில்தான் இருக்கிறது. அதன் பிறகு வருவது மூன்று நான்கு பணிகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது, நடுவில் பணமும் எடுக்க முடியாது. அந்தப் பெண் முதலில் 12,000 அனுப்பினார், அடுத்து 38,000, அதற்கடுத்து 68,000. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த இருப்பு, கணினியில் யாரோ தட்டச்சு செய்த ஓர் எண்ணே தவிர வேறில்லை. அதற்குப் பின்னால் எந்தப் பெட்டியிலும் எந்தப் பணமும் கிடையாது.

எடுக்கப் போகும்போதுதான் புதுப்புதுத் தடைகள் முளைக்கும். தவறான பொத்தானை அழுத்திவிட்டீர்கள், அதனால் உங்களோடு சேர்ந்து பணி செய்த மற்ற நால்வரின் பணமும் முடங்கிவிட்டது என்பார்கள். அந்த நால்வரும் குழுவில் வந்து அழுவார்கள், திட்டுவார்கள். ‘கிரெடிட் ஸ்கோர்’ எண்பதுக்கு இறங்கிவிட்டது, நூறாக்க ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்பார்கள். கடைசியில் வரி. இந்த வரிப் பேச்சு ஒன்றே போதும், நிற்பதற்கு. நம் நாட்டில் வருமானத்தில் பிடிக்க வேண்டிய வரியைப் பணம் கொடுப்பவர் அந்தப் பணத்திலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். நாமே கட்ட வேண்டியிருந்தால் நம் பான் எண்ணில் அரசுக் கணக்குக்குத்தான் செலுத்துவோம். வரியை முன்கூட்டி யுபிஐ வழியாக யாரோ ஒருவருக்கு அனுப்பும் முறை கிடையாது. அந்தப் பெண்ணிடம், பணம் அனுப்பச் சொன்ன யுபிஐ முகவரியைத் தட்டச்சு செய்து, திரையில் எந்தப் பெயர் வருகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். ஏதோ ஒரு மளிகைக்கடையின் பெயர் வந்தது. வருமான வரித்துறைக்கு மளிகைக்கடையில் கணக்கா என்று நான் கேட்கவில்லை. அவரே சங்கிலியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இதில் சிக்குகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று முத்திரை குத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பார்த்தவர்கள், குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு மாதம் ஐயாயிரமாவது வந்தால் போதும் என்று தேடிய பட்டதாரிப் பெண்கள், படிப்பை முடித்து இரண்டு ஆண்டாக அலையும் பையன்கள், ஓய்வூதியம் போதாத பெரியவர்கள். பேராசை என்ற அந்தச் சொல்லுக்கு அஞ்சித்தான் இவர்கள் வீட்டில் சொல்லாமல் மறைக்கிறார்கள். மறைக்கும் அந்த இரண்டு மூன்று நாட்களில், மீட்டிருக்கக்கூடிய பணமும் கைமாறிப் போய்விடுகிறது.

பணம் அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

பணம் பெறுபவரின் பெயரைப் பார்ப்பதே முதல் வேலை. யுபிஐ செயலி, பணம் போய்ச் சேரும் கணக்கின் பெயரைக் காட்டும். நிறுவனம் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, கணக்கு தனிமனிதர் பெயரிலோ தொடர்பில்லாத கடையின் பெயரிலோ இருந்தால், அத்துடன் முடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கணக்கு எண் தருகிறார்கள் என்றால் ஐயத்துக்கே இடமில்லை. அவை பிறரிடம் வாடகைக்கு எடுத்த கணக்குகள்; காவல்துறை முடக்க முடக்க மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டாவதாக, சான்றிதழ் காட்டினால் மயங்க வேண்டாம். நிறுவனப் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி எண், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் உடனே அனுப்பிவிடுவார்கள். இவை போலியாகவும் இருக்கலாம். உண்மையாகவே இருந்தாலும், அப்படி ஒரு நிறுவனம் பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் அவை எதையும் மெய்ப்பிப்பதில்லை. உத்யம் பதிவைச் சுய அறிவிப்பின் பேரில் கட்டணமின்றி எவரும் பெறலாம். பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்ட இவற்றில் எதுவும் அனுமதி ஆகாது.

மூன்றாவதாக, அவர்கள் தரும் இணைய முகவரி எப்போது பதிவு செய்யப்பட்டது என்று பாருங்கள். ‘ஹூஇஸ்’ (whois) என்று தேடினால் வரும் இலவசத் தளங்களில் முகவரியை இட்டால் பதிவு நாள் தெரிந்துவிடும். பல்லாண்டுகாலப் பன்னாட்டு நிறுவனம் என்று சொல்லிக்கொள்ளும் தளம் சென்ற மாதம்தான் பிறந்திருக்கும். பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொன்னால், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு நாமே போய், அங்குள்ள தொடர்பு எண்ணில் விசாரிக்க வேண்டும். செய்தியில் வந்த இணைப்பு வழியாகப் போகக் கூடாது.

பணத்தைப் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை என்பதையும், பிளே ஸ்டோருக்கு வெளியே அனுப்பப்படும் ஏபிகே எனும் செயலிக் கோப்பையோ, திரையைப் பகிரும் எனிடெஸ்க் போன்ற செயலியையோ யாரோ சொன்னார்கள் என்று நிறுவக் கூடாது என்பதையும் பலரும் அறிவார்கள். பலர் அறியாதது வேறொன்று. முதல் நாள் உங்களுக்கு வந்த அந்த 150 ரூபாய், இன்னொருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணத்திலிருந்து வந்திருக்கக்கூடும். அந்த இன்னொருவர் புகார் செய்யும்போது, பணம் போன வழியைப் பின்தொடரும் காவல்துறை உங்கள் கணக்கையும் முடக்கச் சொல்லலாம். நீங்கள் எதையும் இழக்காமல், ‘கொடுத்தவரை லாபம்’ என்று 150 ரூபாயோடு சாமர்த்தியமாக விலகிக்கொண்டாலும் இந்த ஆபத்து உண்டு. ஆகவே விளையாட்டுக்குக்கூடத் தொட்டுப் பார்க்க வேண்டாம். அவர்களுக்கு வங்கிக் கணக்கு எண்ணோ யுபிஐ முகவரியோ கொடுப்பதே தவறு.

இதே மோசடியின் வேறு வேடங்கள்

தட்டச்சு வேலை மோசடியில் பணம் முதலில் கேட்க மாட்டார்கள், மிரட்டிக் கேட்பார்கள். மங்கலான படங்களாகச் சில நூறு பக்கங்கள் வரும், ஐந்து நாட்களில் தட்டச்சு செய்து முடிக்க வேண்டும், பிழையின்மை இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று ஓர் ஒப்பந்தத்தில் இணையவழிக் கையெழுத்து வாங்குவார்கள். முடித்து அனுப்பினால், நீங்கள் தேறவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று ‘வழக்கறிஞர் அறிவிப்பு’ வரும். அபராதம் கட்டாவிட்டால் கைது என்று ஒருவர் நாள்தோறும் தொலைபேசியில் அதட்டுவார். இத்தகைய பணம் கோரும் தகராறு, உண்மையாகவே இருந்தாலும், உரிமையியல் வழக்குதான். தட்டச்சில் பிழை விட்டதற்காக யாரையும் கைது செய்ய முடியாது. பதில் பேசாமல் எண்ணைத் தடுத்துவிட்டு, வந்த அறிவிப்பைப் புகாருடன் இணைப்பதே சரி.

பங்குச்சந்தைக் குழுக்கள் பெருந்தொகைக்கானவை. ‘நிறுவன முதலீட்டாளர் கணக்கு’ வழியாகத் தள்ளுபடியில் பங்கும், விண்ணப்பித்தால் உறுதியாக ஐபிஓ எனும் புதுப் பங்கு வெளியீட்டில் ஒதுக்கீடும் கிடைக்கும் என்பார்கள்; வெளிநாட்டு முதலீட்டாளர் வழி என்று சொல்லிக்கொள்ளும் இத்தகைய செயலிகளைப் பற்றிப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024-லேயே எச்சரித்தது. பங்குத் தரகரின் செபி பதிவு எண் ஐ.என்.இஸட். என்றும், ஆய்வாளருடையது ஐ.என்.எச். என்றும், முதலீட்டு ஆலோசகருடையது ஐ.என்.ஏ. என்றும் தொடங்கும், எண்ணைச் செபி தளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் உண்மையான தரகரின் எண்ணையே திருடிக் காட்டுகிறவர்களும் உண்டு என்பதால் இன்னொரு சோதனை அவசியம். நீங்கள் வாங்கிய பங்கு உண்மையென்றால் அது, பங்குகளை மின்னணு வடிவில் காக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் அமைப்பில் உங்கள் டிமேட் கணக்கில் இருக்க வேண்டும். அவற்றின் தளத்தில் நேரடியாகப் போய்ப் பார்த்தால் தெரியும். அங்கே இல்லாத பங்கு, அந்தச் செயலியில் எத்தனை மடங்கு ஏறியிருந்தாலும் இல்லாத பங்குதான்.

விளம்பரம் பார்த்தால் பணம், ஆள் சேர்த்தால் கூடுதல் பணம் என்ற வகை நமக்குப் புதிதல்ல. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பில் போட்ட பணம் எப்படிப் போயிற்று என்பதைக் கொங்கு நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவர் 45 நாட்களில் 50 சதவீத லாபம் என்று திரட்டியதும் இதே வித்தைதான்: பின்னால் வருகிறவரின் பணத்தை முன்னால் வந்தவருக்கு லாபமென்று கொடுப்பது. முன்னால் வந்தவர்கள் பொய் சொல்வதில்லை; அவர்களுக்கு உண்மையாகவே பணம் வந்திருக்கிறது. அதனால்தான் அத்தை, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று நமக்கு வேண்டியவர்களே மனமாரப் பரிந்துரைக்கிறார்கள். கைபேசியில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்ற நிறுவனம் ஒன்றின் மீது வழக்குப் பதிவானபோது, 2024 ஜனவரியில் கோவையில் ஆயிரக்கணக்கானோர் அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகவே திரண்டதைப் பார்த்தோம். இப்படிப்பட்டவற்றில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: புதிதாக ஆள் சேர்வது நாளையே நின்றுவிட்டால், எதை விற்று எனக்குப் பணம் தருவார்கள்? ஆள் சேர்ப்பதையே வருமானமாகக் கொண்ட பணச்சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமும், ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கின்றன. இத்தகைய புகார்களைத் தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கிறது. வைப்புத்தொகை திரட்டும் நிறுவனத்தைப் பற்றி ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் பார்க்கவும் புகார் செய்யவும் இயலும்.

கணக்கை வாடகைக்குக் கொடு, மாதம் பத்தாயிரம் தருகிறேன் என்று கல்லூரி மாணவர்களைக் கேட்கிறார்கள். ஏடிஎம் அட்டை, சிம் அட்டை, கடவுச்சொல் மூன்றையும் ஒப்படைத்துவிட்டால், அந்தக் கணக்கில் வந்து போகும் திருட்டுப் பணம் முழுவதற்கும் காவல்துறை முதலில் கதவைத் தட்டுவது அந்த மாணவரின் வீட்டைத்தான். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைப்பு வந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். 2022 அக்டோபரில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியான்மரின் மியாவடியில் சிக்கியிருந்த தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டு, இணைய மோசடியில் ஈடுபடுமாறு அங்கே கட்டாயப்படுத்துகிறார்கள். உங்களுக்கு இனிக்க இனிக்கச் செய்தி அனுப்பும் அந்த ‘மனிதவளப் பிரிவுப் பெண்’, அப்படி அடைபட்டுக் கிடக்கும் ஓர் இளைஞனாகவும் இருக்கலாம். வெளிநாட்டு வேலை முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு உண்டு.

பணம் போய்விட்டால்

அனுப்பிய பணம் சில நிமிடங்களிலேயே ஐந்தாறு கணக்குகளுக்குப் பிரிந்து ஓடத் தொடங்கும். அது வங்கிக் கணக்குகளுக்குள் இருக்கும் வரைதான் நிறுத்திவைக்க முடியும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டாலோ கிரிப்டோவாக மாற்றிவிட்டாலோ அவ்வளவுதான். ஆகவே வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்கு முன்னால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கியின் பெயர், கணக்கு எண், அனுப்பிய தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தால் வேலை விரைவாக முடியும். யுபிஐ செயலியின் வரலாற்றுப் பக்கத்தில் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண் இருக்கும், அதுதான் முக்கியம். புகாரைச் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதிவு செய்யலாம். புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

டெலிகிராம் உரையாடலை ஆத்திரத்தில் அழித்துவிடக் கூடாது. அவர்களும் தங்கள் பக்கத்திலிருந்து அழித்துவிட முடியும் என்பதால், உடனே ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்து வேறொரு கைபேசிக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்களிடம் ‘போலீசுக்குப் போகிறேன்’ என்று எச்சரிப்பதால் அவர்களுக்குத்தான் நன்மை. பிறகு மாவட்டச் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். எந்தக் கணக்கிலாவது தொகை நிறுத்திவைக்கப்பட்டிருந்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் மனுச் செய்து திரும்பப் பெற வழி உண்டு.

வங்கி ஈடுசெய்யும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்ற ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதி, நம் அனுமதியின்றி மூன்றாம் தரப்பினரால் நடந்த பரிவர்த்தனைகளுக்கானது. இந்த மோசடியில் பின் எண்ணை இட்டு அனுப்பியது நாமேதான். வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், கிளையில் வந்து சண்டை போடும் அந்த ஒரு மணி நேரத்தை 1930-க்குச் செலவிடுவது மேல்.

அந்தப் பெண் அன்று என் மேசையிலிருந்தே 1930-ஐ அழைத்தார். 12,000-மும் 38,000-மும் போனது போனதுதான். முந்தைய நாள் மாலை அனுப்பிய 68,000-இல் 21,000 ஒரு கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து மீண்டும் கிளைக்கு வந்தார். சைபர் பிரிவு அதிகாரி என்று ஒருவர் அழைத்து, இழந்த முழுத் தொகையும் தயாராக இருக்கிறது, செயலாக்கக் கட்டணம் 4,500 ரூபாய் மட்டும் அனுப்புங்கள் என்றாராம். ஏமாந்தவர்களின் எண்களை இவர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்வதுண்டு. இழந்ததை மீட்டுத் தருகிறோம் என்று வரும் இந்த இரண்டாவது வலையில், முதல் வலையில் தப்பிய மிச்சமும் போய்விடும். “இதையும் அந்த மாதிரி பெயர் போட்டுப் பார்த்துட்டேன் சார்” என்று கைபேசியை நீட்டினார். இந்த முறை திரையில் இருந்தது ஒரு துணிக்கடை.